பாலத்தில் நின்ற நேரம்

(கடல் தாண்டிய கணக்குகள் – 7)

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தை ரயிலும் பஸ்ஸும் பங்குபோட்ட காலம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரயில் போய் முடியும்வரை பஸ் காத்து நிற்கும். நின்ற நேரமும் பயணத்தில் சேர்த்தியா? லண்டனுக்குப் படிக்கப் போன பிள்ளைகளின் ‘பிஆர்’ (நிரந்தர வதிவிடம்) விவகாரமும் இதே கேள்விதான்.

“என்ன மகன், ஆறு வருஷமாச்சி, இன்னும் பிஆர் கிடைக்கல்லியா?” என்று வாட்ஸ்அப்பில் வாப்பா கேட்பார். ஊரில் இருந்து பார்த்தால் ஆறு வருடம் ஆறு வருடம்தான்.

ஒரு பேச்சுக்கு, 2018இல் போனவர் என்று வைத்துக்கொள்வோம். இளமானிக்கு மூன்று வருடம், முதுமானிக்கு ஒன்று, பட்டதாரி விசாவில் இரண்டு. 2024இல் திறன் தொழிலாளர் விசாவுக்கு மாறுகிறார். அந்த விசாவில் ஐந்து வருடம் இருந்தால் நிரந்தர வதிவிடம் என்பது அன்றைய விதி. ஆனால் முந்திய ஆறும் அதில் சேராது. 2029 வரை பொறுக்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது: சட்டப்படி, இடைவெளியில்லாமல் பத்து வருடம் வாழ்ந்தவருக்கு உரியது. அதில் படித்த காலமும் சேரும். ஆக 2028. நீளமான வழி ஒரு வருடம் முந்திவிடுகிறது! விசா விற்கும் ஏஜென்ட்மார் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டுவது அபூர்வம். பிரித்தானிய அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை ஐந்தைப் பத்தாக்கும் யோசனையை முன்வைத்ததிலிருந்து எல்லோருக்கும் வயிற்றில் புளி.

மற்ற நாடுகளில் வேறு வேறு தராசு. கனடாவின் அனுபவப் பிரிவுக்கு ஒரு வருடத் திறன்வேலை, அதாவது 1,560 மணித்தியாலம் வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை அதில் செல்லாது. அவுஸ்திரேலியாவின் புள்ளி விசாக்களுக்குக் குறைந்தது 65 புள்ளி. பட்டத்துக்குத் தனிப் புள்ளி உண்டு. அங்கேயே இரண்டு வருடம் படித்ததற்கோ வெறும் 5. இருபத்தைந்துக்கும் முப்பத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதுக்கு 30! ஜெர்மனி கொஞ்சம் தாராளம்: அங்கே பட்டம் பெற்றவர் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டினால், மொழியும் கைவந்திருந்தால், விண்ணப்பிக்கலாம்.

பிரித்தானியாவின் பத்து வருட வழிக்காரரை உண்மையில் வாட்டுவது ஊருக்கு வந்துபோன நாட்கள். 2024 ஏப்ரல் 11க்கு முந்திய காலத்துக்கு மொத்தம் 548 நாள், ஒரே தடவையில் 184 நாள் என்று வரம்பு. அதன் பிறகு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாள். 2020 மார்ச்சில் கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டபோது ஊரில் மாட்டிக்கொண்டவர் அதற்கும் ஆதாரம் தேட வேண்டும். பிரித்தானியாவோ வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. சாட்சிக்கு மிஞ்சுவது கட்டுநாயக்கவில் விழுந்த முத்திரைதான்.

அது இருக்கும் பழைய பாஸ்போட் பெரும்பாலும் ஓட்டமாவடியில், உம்மாவின் அலுமாரியில், காணி உறுதிகளுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவே கிடக்கும்.

“உம்மா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. 2019 ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தேனே, என்ன திகதி இருக்கு?”

“மை கலைஞ்சிருக்கு மகன். பதினொன்டா, பதினேழான்டு வெளங்குதில்ல.”