தவறவிடும் வித்தை

பாட்டுக்காரரும் நாட்டியக்காரரும் விகடக்காரரும் ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிஷங்களே மேடையில் தோன்றி மறைந்த அமெரிக்க வாட்வில் அரங்குகளில், வாய் திறவாமலே சபையைச் சிரிக்கவைத்த ஒருவர், பிற்காலத்தில் தம் குரலாலேயே பிரசித்தி பெற்றார் என்பது சினிமா சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1880-இல் பிலடெல்பியாவை அடுத்த டார்பியில் பிறந்த வில்லியம் கிளாட் டூக்கன்ஃபீல்டை உலகம் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் என்றே அறியும்.

பந்துகளையும் சுருட்டுப் பெட்டிகளையும் எறிந்து பிடிப்பது அவருடைய ஆதித் தொழில். பேச்சில்லாத வித்தைக்குப் பாஷை தடையன்று. ஆகவே ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று தேச சஞ்சாரம் செய்தார். ஆயினும் அவரைத் தனித்துக் காட்டியது பிடித்த பந்தன்று, தவறிய பந்தே. கை நழுவியதுபோல் ஒன்றை விழவிட்டு, பார்ப்பவர் பதறுவதற்குள் மீட்டுக்கொள்ள வேண்டுமானால், பிழையின்றி ஆடுவதற்கு வேண்டியதைக் காட்டிலும் கடுமையான அப்பியாசம் வேண்டும். அவருடைய ஹாஸ்யம் முழுவதற்கும் இதுவே மூலம் என்பது என் அபிப்பிராயம்.

1915-இல் ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்னும் மேடைக் கேளிக்கைக் காட்சியில் சேர்ந்தார். அவ்வருஷமே 'பூல் ஷார்க்ஸ்' என்னும் மௌனப் படத்திலும் தோன்றினார். 1923-இல் 'பாப்பி' நாடகத்தின் எத்தன் வேஷம் அவரை வசனம் பேசும் நடிகராக்கியது. பேசும்படம் வந்தபின், மூக்கால் இழுத்துப் பேசும் அக்குரல் தேசமெங்கும் பரவிற்று. 1935-இல் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படத்தில் மிகாபர் என்னும் பாத்திரமாக நடித்தார்.

ஆனால் அவருடைய சிகரம் 1934-இல் வெளிவந்த 'இட்ஸ் எ கிஃப்ட்' என்பேன். வீட்டில் நிம்மதி காணாத மளிகைக்காரர் ஒருவர், விடியற்காலையில் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து கண்ணயரப் பார்க்கிறார். பால்காரரின் புட்டிகள் கலகலக்கின்றன. தேங்காய் ஒன்று படிப்படியாக உருண்டு இறங்குகிறது. யாரோ ஒருவரைத் தேடிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வருகிறார். கதை என்று சொல்ல எதுவும் நடப்பதில்லை. தூக்கம் ஒன்றே கைக்கெட்டும் சமயத்திலெல்லாம், அந்தப் பழைய பந்தைப்போல், நழுவிக்கொண்டே இருக்கிறது. ஃபாலீஸ் மேடையில் நடித்துப் பண்பட்ட காட்சியாதலால், ஒவ்வொரு ஓசையும் விழவேண்டிய க்ஷணத்தில் விழுகிறது.

எழுத்தாளராக அவர் புனைபெயர்களுக்குள் மறைந்துகொண்டார். இப்படத்தின் கதை சார்லஸ் போகிள் பெயரிலும், 1940-இல் வந்த 'தி பாங்க் டிக்' மஹாத்மா கேன் ஜீவ்ஸ் பெயரிலும் வெளியாயின, இரண்டும் அவரே. குடி அவர் தேகத்தைச் சீரழித்தது. 1946 டிசம்பர் 25-ஆம் தேதி காலமானார். குடிகாரர் என்ற கீர்த்தியே அவரைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுவது வருந்தத்தக்கது. அவரை அறிய விரும்பும் வாசகர்கள் அந்தத் தாழ்வாரக் காட்சியிலிருந்து தொடங்குவார்களாக.