மாத்திரை தளர்த்துவது எதை?

இடுப்புப் பிடிப்புக்கென்று மருந்துக்கடையில் தரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தே இருக்கும். அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால் போன்ற வலி மருந்துகளோடு குளோர்சாக்சசோனோ தயோகோல்ச்சிகோசைடோ ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசி வகைக்குத்தான் தசை தளர்த்தி என்று பெயர். அந்தப் பெயர்தான் வம்பு. தசையைத் தளர்த்தும் மருந்தென்றால் அதைப் போட்டுக்கொண்டு குனிந்தால் கை தரையைத் தொட்டுவிடும், வராத ஆசனமும் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்படி நடப்பதில்லை.

இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தசையைத் தொடுவதே இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, தசைக்குப் போகும் 'இறுகு' என்ற கட்டளையைக் குறைக்கின்றன. தூக்கம் சொக்குவதும் அதனால்தான். ஆனால் நலமாக இருக்கும் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து மெதுவாகக் குனியும்போது, தொடையின் பின்தசையில் மின்னலைகளை அளந்து பார்த்தால் அநேகமாக எதுவும் பதிவாகாது. கட்டளையே போகாத இடத்தில் மருந்து எதைக் குறைக்கும்? அங்கே இழுத்துப் பிடிப்பது தசை இழைக்குள் வில்சுருள் போல் இருக்கும் டைட்டின் என்ற புரதமும், தசையைச் சுற்றிய கொலாஜன் உறைகளும். மாத்திரை இவற்றை நீட்டாது. அப்படியானால் பயிற்சியால் உடல் வளைவது எப்படி? டென்மார்க்கில் மேக்னுசன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காலுக்கு மட்டும் மூன்று வாரம் நீட்சிப் பயிற்சி தந்தார்கள். அந்தக் கால் கூடுதலாக நீண்டது. ஆனால் முன்பிருந்த அதே கோணத்தில் அதே அளவு இழுவிசையே இருந்தது. தசை இளகவில்லை, இழுப்பைப் பொறுக்கும் எல்லைதான் தள்ளிப்போயிருந்தது. பல மாதப் பயிற்சியில் திசுவும் ஓரளவு மாறலாம். எப்படியானாலும் அது பழக்கத்தின் பலன்.

'மாத்திரை போட்ட மறுநாளே குனிய முடிந்ததே' என்பார்கள். முடிந்திருக்கும். வலிக்குப் பயந்து உடல் தானாக இறுக்கிப் பிடித்திருந்த தசை விட்டுக்கொடுத்திருக்கும். இழந்த வளைவு திரும்பியதே தவிரப் புதிதாக எதுவும் கூடவில்லை. அந்தப் பெருமையிலும் பங்கு கேட்க அட்டையிலேயே வலி மருந்து இருக்கிறது; தானாகவே ஆறும் இயல்பும் இருக்கிறது. 2021இல் பி.எம்.ஜே. இதழில் 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திடீர் இடுப்பு வலியில் முதல் இரண்டு வாரத்துக்குள் இந்த வகை மருந்துகள் வலியை நூற்றுக்கு எட்டுப் புள்ளிக்கும் குறைவாகவே தணித்தன. அந்தச் சான்றும் உறுதியானதல்ல. இன்னொரு கேள்வி கொஞ்சம் வலுவானது: மயக்க மருந்து கொடுத்தவுடன் உறைந்த தோள் சிலருக்கு நன்றாக அசைகிறதே? ஆம், இறுக்கிப் பிடித்திருந்தது மட்டுமே காரணமாயிருந்த தோள் அசையும். மூட்டு உறையே சுருங்கிப்போன தோள், ஆள் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தாலும் அதே இடத்தில் நிற்கும்.

ஆக, நீட்சிக்காகவே மாத்திரை போடுவதில் லாபமில்லை, நட்டம் உண்டு. 'போதும், நிறுத்து' என்று தசை சொல்லும் வலி மங்கிய நிலையில், அரைத் தூக்கத்தோடு இழுத்தால் நார் கிழியலாம். அதே மயக்கத்தோடு வண்டி ஓட்டுவதும் மது குடிப்பதும் இன்னும் மோசம். தயோகோல்ச்சிகோசைடு மாத்திரையை ஏழு நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் பரிந்துரைத்தது.

மருந்தும் நீட்சியும் உண்மையிலேயே கைகோர்க்கும் இடம் வேறு. பக்கவாதத்துக்குப் பின்னும் தண்டுவடக் காயத்திலும், கையைச் சட்டென்று நீட்டினால் பாதியில் வெடுக்கென்று பூட்டிக்கொள்ளும்; மெதுவாக நீட்டினால் வழிவிடும். மேலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்து, தண்டுவடம் அளவுக்கு மீறிக் கட்டளையிடுவதால் வரும் இறுக்கம் இது. இங்கே பேக்லோஃபென், டிசானிடின் போன்றவற்றுக்கு வேலை இருக்கிறது. மருந்து பிடித்திருக்கும் நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் கையை நீட்டிவிடுவது எளிது. அங்கும் நிரந்தரமாகச் சுருங்கிவிட்ட தசைக்கு மாத்திரை பலிக்காது. சிலருக்கோ, வலுவிழந்த காலைத் தாங்கி நிற்கவைப்பதே அந்த விறைப்புதான். மருந்தின் அளவு கூடினால் முழங்கால் மடங்கிவிடும் என்பதால், கொஞ்சம் விறைப்பை விட்டுவைத்தே மருத்துவர் அளவை முடிவு செய்கிறார்.