கல்லாவில் பேசுகிறவருக்கு கேமரா முன் கூச்சம் எதற்கு?

எந்த வத்தல் நிறம் கொடுக்கும், எந்த வத்தல் காரம் கொடுக்கும். எந்த அரிசி சோற்றுக்கு ஆகும், எது இட்லிக்கு ஆகும் என்று காலை முதல் இரவு வரை வாடிக்கையாளருக்குச் சலிக்காமல் எடுத்துச் சொல்கிறவர் நம் வணிகர். அதே வணிகரிடம், “அண்ணாச்சி, இதை அப்படியே ஒரு நிமிஷம் சொல்லுங்க, செல்போன்ல எடுத்துக்கிடுதேன்” என்று கடைப் பையன் கேட்டால், “அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?” என்று எழுந்து போய்விடுகிறார். இந்தக் கூச்சம் எதனால் வருகிறது, அதை எப்படித் தாண்டுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு காலத்தில் தியேட்டரில் ஒரு சிலைடு, சுவரில் ஓர் எழுத்து, பண்டிகைக்கு ஆட்டோவில் ஒரு மைக் என்பதே நமக்குப் போதுமான விளம்பரமாக இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையக் கட்டணம் சரிந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. நெற்கட்டும்செவலில் இருந்து வாசுதேவநல்லூர் கடைவீதிக்கு வருகிற குடும்பம், பஸ் ஏறுவதற்கு முன்பே செல்போனில் சேலையையும் மிக்ஸியையும் பார்த்து விடுகிறது. அதில் தெரிவது ராஜபாளையம் கடையாகவும் சென்னைக் கடையாகவும் மட்டுமே இருந்தால், நம் கடையில் அதே சரக்கு அதே விலைக்கு இருந்தும் பயனில்லை.

கூச்சத்தின் காரணம்

பதிவான தம் குரலைக் கேட்டதும், “இது என் குரலா?” என்று முகம் சுளிக்காதவர் குறைவு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல், மண்டை எலும்பின் வழியாகவும் உட்காதைச் சேர்கிறது. எலும்பு வழியே வருவதால் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. அதனால் கீச்சுக்குரலாகத் தோன்றுகிறது. ஆனால் வாடிக்கையாளர் இத்தனை வருஷமாகக் கேட்டு வருவது அந்தக் குரலைத்தான். அவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

முகமும் அப்படியே. நாம் தினமும் கண்ணாடியில் காண்பது இடம் வலம் மாறிய முகம். 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலோர் தம்முடைய படங்களில் கண்ணாடியில் தெரிவது போன்றதையே விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களோ நேரில் தெரிவது போன்ற படத்தை விரும்பினார்கள். பழகிய முகமே பிடித்த முகம். வீடியோவில் நம் முகம் நமக்குத்தான் கோணலாகத் தெரிகிறது, பிறருக்கு அல்ல.

“நாலு பேர் சிரிப்பார்களே” என்பது அடுத்த பயம். சிரிக்கத்தான் செய்வார்கள். லெஜண்ட் சரவணா ஸ்டோர்ஸ் உரிமையாளர் சரவணன் அருள் தம் கடை விளம்பரத்தில் நடிகைகளுடன் தாமே தோன்றியபோது கேலி செய்தவர்கள் ஏராளம். அவர் நிறுத்தவில்லை; 2022-இல் ‘தி லெஜண்ட்’ படத்தில் கதாநாயகனாகவே வந்தார். கேலி செய்தவர் வாயிலும் கடையின் பெயர் இருந்தது. அவருக்கும் முன்னோடி, குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த எச்.வசந்தகுமார். விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-இல் சென்னையில் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கிய அவர், தம் சிரித்த முகத்தையே கடையின் அடையாளமாக்கினார். 2020-இல் அவர் மறைந்தபோது அந்த முகத்தை அறியாத வீடு தமிழ்நாட்டில் அரிது.

பெரிய முதலாளிகளுக்குச் சரி, நமக்கு ஆகுமா என்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதைப் படம் பிடித்து 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. தெரிந்த வேலையை, பேசுகிற பேச்சிலேயே செய்து காட்டினார்கள். நமக்குக் கோடிப் பேர் தேவையில்லை. சுற்றுவட்டாரத்தில் ஐந்நூறு குடும்பம் பார்த்தால் போதும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் முகத்தைக் காட்டவே வேண்டாம். கையையும் சரக்கையும் மட்டும் காட்டுங்கள். வாடிக்கையாளர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் பத்தை ஒரு தாளில் எழுதி, ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நகைக் கடைக்காரர், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ள ஆறு இலக்க ஹால்மார்க் எண் நகையில் எங்கே இருக்கிறது என்று காட்டலாம். விதைக் கடைக்காரர், சான்று பெற்ற விதை மூட்டையின் நீல நிற அட்டையையும் காலாவதித் தேதியையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். மின்சாதனக் கடைக்காரர், ஃபிரிட்ஜில் ஒட்டியுள்ள நட்சத்திரங்கள் கரண்ட் பில்லை எப்படிக் குறைக்கும் என்று விளக்கலாம். மொத்த வியாபாரி, லோடு இறங்கியதும் ஒரு மூட்டையைப் பிரித்து வத்தலைக் கையில் அள்ளிக் காட்டினால், சில்லறை வியாபாரி நேரில் வராமலே சொல்லி அனுப்புவார்.

பத்து வீடியோ ஆனபின் கூச்சம் தானே குறையும். அப்போது முகத்தைக் காட்டிக் கொள்ளலாம்.

கருவி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கையிலுள்ள செல்போனே போதும். மசாலாவும் எண்ணெயும் பட்ட லென்ஸைத் துணியால் துடைத்துக் கொள்ளுங்கள். வெளிச்சம் முதுகுப்புறம் இருந்தால் முகம் இருட்டடிக்கும். ஆகவே தெருவைப் பார்த்து நில்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடியுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிரே வாடிக்கையாளர் நிற்பதாக நினைத்துப் பேசுங்கள்.

முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் என்பதால் பயமும் குறைவு. ஆனால் நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கே அது தெரியும். எனவே பில் போடும்போதே, “கடை நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கிடுங்க” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

விலையைச் சொன்னால் எதிர்க்கடைக்காரர் ஐந்து ரூபாய் குறைப்பாரே என்பது நியாயமான கவலை. தினமும் ஏறி இறங்கும் சரக்குக்கு விலை சொல்லாமல் தரத்தை மட்டும் சொல்லலாம். விலை சொன்னால் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன மாத வீடியோவைக் காட்டி யாரும் சண்டைக்கு வர இடமிருக்காது.

சொன்ன சொல் மாறக்கூடாது. வீடியோவில் காட்டிய ரகத்தையே பொட்டலத்திலும் கட்டுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்காக உற்பத்தியாளருக்கும், பொருளைப் பரிந்துரைத்துத் தோன்றுகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சொந்தமாக மசாலா அரைத்து விற்பவரும் உற்பத்தியாளரே. “இதைச் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி குணமாகும்” என்பது போன்ற பேச்சு அறவே வேண்டாம்.

சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமைப் பிரச்சினை வரலாம். வாடிக்கையாளர் முகத்தை, குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள் முகத்தை, அனுமதியின்றி எடுக்கக் கூடாது. கல்லாப்பெட்டியும் கணக்குப் புத்தகமும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்திலேயே கூட்டம் அலைமோதும் என்று எதிர்பார்க்க வேண்டாம். “நீங்க காட்டின அந்த அரிசி இருக்கா அண்ணாச்சி?” என்று ஒருவர் வந்து கேட்டாலே அது பலன்தான். இன்று மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்திருக்கும் நேரத்தில், ஒரு பொருளைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்யுங்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம், அதற்குச் செலவு எதுவும் இல்லை.