உங்களுக்குத் தெரியுமா? சிவிங்கிப்புலியின் காவலர்கள்

● சென்னையின் கிண்டிப் பூங்காவில் மேயும் வெளிமானைப் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். அதைத் துரத்தித் தின்ற சிவிங்கிப்புலியைத்தான் பார்க்க முடியாது. பஞ்சாப் தொடங்கித் திருநெல்வேலிச் சீமை வரை இருந்த விலங்கு அது. 1952-இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். (சிறுத்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கி.)

● திரும்பக் கொண்டுவர 1970-களிலேயே ஈரானோடு பேசிப் பார்த்தவர் எம்.கே. ரஞ்சித்சிங் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. பேச்சு பலிக்கவில்லை. 2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்திறங்கியபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

● குனோவில் ஒவ்வொரு சிவிங்கியின் பின்னாலும் ஷிப்ட் போட்டு ஆட்கள் போகிறார்கள். 2023 மே மாதம் ஆஷா என்ற பெண் சிவிங்கி பூங்காவைத் தாண்டி சிவபுரி மாவட்டத்துக்குள் போய்விட்டது. கழுத்துப்பட்டை சிக்னலைப் பிடித்துக்கொண்டு வனத்துறை வண்டி இருட்டில் ஓர் ஊரையே சுற்றிச் சுற்றி வர, கொள்ளைக்கூட்டம் என்று நினைத்து ஊர்க்காரர்கள் ஊழியர்களை அடித்துவிட்டார்கள். கொள்ளையருக்குப் பேர்போன சம்பல் பக்கம், அப்படி நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் பயம் தெளிவிக்க 'சீட்டா மித்ரா' (சிவிங்கியின் நண்பர்) என்று நானூறு பேருக்கு மேல் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், 1984-இல் சரணடைந்த அசல் சம்பல் கொள்ளைக்காரர்!

● கழுத்துப்பட்டையே வினையானதும் உண்டு. இவை வந்த தென் ஆப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் ஜூன் என்றால் குளிர்காலம். ஊர் மாறினாலும் உடம்பு மாறுமா? பழைய கணக்குப்படி அடர்ந்த ரோமம் வளர்ந்தது. குனோவிலோ அப்போது மழை. பட்டையின் கீழ் நனைந்த முடிக்கடியில் தோல் புண்ணாகி, ஈ மொய்த்து, புழு வைத்து, 2023 மழைக்காலத்தில் சில சிவிங்கிகள் இறந்தன. மருத்துவர்கள் மற்றவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பட்டையைக் கழற்றிச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது மழைக்கு முன்பே ஒட்டுண்ணி மருந்து தடவிவிடுகிறார்கள்.

● நமீபியாவில் சிவிங்கிகள் பெரும்பாலும் வாழ்வது பூங்காவில் அல்ல, பண்ணை நிலத்தில். ஆடு போனால் பண்ணைக்காரர் துப்பாக்கியை எடுப்பார். 1990-இல் அங்கே சிவிங்கிப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி லாரி மார்க்கர் கண்ட வழி, நாய். துருக்கியின் பெரிய காவல் நாய்களை வளர்த்து 1994 முதல் பண்ணைகளுக்குக் கொடுக்கிறார். குட்டியிலேயே மந்தையோடு விட்டுவிடுவார்கள். நாய் குறுக்கே நின்று குரைத்தாலே போதும், சிவிங்கி நடையைக் கட்டிவிடும். காலில் அடிபட்டால் ஓட்டம் போச்சு, ஓட்டம் போனால் சாப்பாடு போச்சு.

● ஆண் சிவிங்கிகள் சில குறிப்பிட்ட மரங்களில் சிறுநீர் பெய்து வாசனை வைக்கும். அக்கம்பக்கத்துச் சிவிங்கிகள் வந்து மோந்து சேதி தெரிந்துகொள்ளும். நம்மூர் டீக்கடை பெஞ்சு மாதிரி. நமீபியாவில் இந்த இடங்களைக் கண்டுபிடித்த ஜெர்மன் ஆய்வாளர்கள், கன்றுகளை அங்கிருந்து தள்ளி மேய்க்கச் சொன்னார்கள். 2020-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி கன்று இழப்பு 86 சதவீதம் குறைந்தது. ஒரு தோட்டாவும் செலவில்லை.

● ஆசியச் சிவிங்கி மிச்சமிருக்கும் ஒரே நாடு ஈரான். அங்கே அதைப் படமெடுக்கக் காட்டில் தானியங்கிக் கேமரா வைத்த ஆய்வாளர்களை 2018-இல் உளவாளிகள் என்று பிடித்துப் போட்டார்கள். அவர்களில் பேராசிரியர் காவூஸ் சையத் எமாமி காவலிலேயே இறந்தார். கடைசி நால்வர் வெளியே வந்தது 2024-இல்.

● 2025 ஏப்ரலில் குனோ ஓட்டுநர் ஒருவர் கேனிலிருந்து தட்டில் தண்ணீர் ஊற்றி, "வா, வா" என்று கூப்பிட, ஜ்வாலா என்ற தாய் சிவிங்கி குட்டிகளோடு வந்து குடித்தது. வீடியோ பரவியது, வனத்துறை அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. இரக்கப்பட்டதற்கா என்று பலர் கொதித்தார்கள். ஆனால் துறை சொன்னதிலும் நியாயம் உண்டு: மனிதன் என்றால் தண்ணீர் என்று பழகிவிட்டால், அடுத்த கோடையில் அது வந்து நிற்கப்போவது ஊர்க்கிணற்றடியில்.