வங்கி தரும் உதவி: நன்கொடை எது, கடன் எது?

நீங்கள் ஊர் திரும்பிய நாள் முதல் பொதுநோக்கு மண்டபத்தில் ஏதாவது ஒரு கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. பிரதேச செயலகத்தார் வருகிறார்கள், எங்களைப் போன்ற நிறுவனத்தார் வருகிறார்கள், இப்போது வங்கி உத்தியோகத்தர்களும் வருகிறார்கள். ஒரு நாள் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் கொப்பிகளும் கொடுக்கிறார்கள். அடுத்த மாதம் அதே உத்தியோகத்தர் ஒரு படிவத்துடன் வந்து, கோழி வளர்ப்புக்கு உதவி என்கிறார். முதலாவது நன்கொடை. இரண்டாவது கடன். ஆனால் இரண்டுக்கும் ஒரே வங்கியின் பெயர், ஒரே சின்னம், "உதவி" என்ற ஒரே சொல்.

இந்தக் குழப்பத்தால் இரண்டு விதமான தவறுகள் நடப்பதை எங்கள் களப்பணியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் ஒரு தாய், பிள்ளைக்குக் கொடுத்த பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி, பிறகு வந்து காசு கேட்டால் நான் எங்கே போறது?" என்றார். அவர் பயப்படத் தேவையே இருக்கவில்லை. வேறொரு கிராமத்தில் ஒருவர் 50,000 ரூபாவைக் கையெழுத்திட்டு வாங்கினார். அதை மீள்குடியேற்ற நிவாரணம் என்றே நினைத்துக் கூரைக்குச் செலவழித்துவிட்டார். தவணை கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் அது கடன் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிணை நின்ற மச்சானுக்கும் அதே கடிதம் போயிருந்தது.

வங்கிகள் ஏன் நன்கொடை கொடுக்கின்றன, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறீர்கள். மக்கள் வைப்பிலிட்ட காசை எடுத்து எந்த வங்கியும் தானம் செய்வதில்லை. வங்கி தான் உழைத்ததில் ஒரு சிறு பங்கைச் சமூகப் பணிக்கென ஒதுக்கும். எவ்வளவு, எதற்கு என்பதைத் தலைமை அலுவலகமே தீர்மானிக்கும். பாடசாலை, நூலகம், வைத்தியசாலை, குடிநீர் என்று சில துறைகளைத் தெரிந்தெடுத்துக்கொள்வார்கள். கொமர்ஷல் வங்கி பாடசாலைகளுக்குக் கணினிக் கூடங்கள் அமைத்துக் கொடுத்து வந்தது இதற்கு ஓர் உதாரணம். இதில் வங்கிக்கும் நன்மை உண்டு. அதன் பெயர் ஊரில் பரவும், நாளைக்கு நீங்கள் அங்கேதான் கணக்குத் திறப்பீர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, அதற்காக உதவியைச் சந்தேகிக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கிளை முகாமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உடனே காசோலை எழுதித் தர அவரால் முடியாது. சிபாரிசு செய்து மேலே அனுப்பத்தான் முடியும். அதோடு, இத்தகைய நன்கொடை பெரும்பாலும் தனிக் குடும்பங்களுக்குக் கிடைப்பதில்லை. பாடசாலைக்கும் சங்கத்துக்கும்தான் கிடைக்கும். "என் வீடு உடைந்துவிட்டது, ஏதாவது செய்யுங்கள்" என்று தனியாகப் போய்க் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப நேரும். அதுவே கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ எழுத்தில் கேட்டால், அந்தக் கடிதம் தலைமை அலுவலகம் வரை போகும்.

கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை குடும்பங்கள் திரும்பியுள்ளன, என்ன தேவை, மதிப்பீடு எவ்வளவு, அதில் உங்கள் பங்கு என்ன என்பவற்றை எழுதுங்கள். பங்கு காசாக இருக்க வேண்டியதில்லை. சிரமதானம், மணல், கல், மேசனுக்குச் சாப்பாடு எல்லாம் பங்குதான். பாடசாலை விடயம் என்றால் அதிபர் மூலமாக வலயக் கல்வி அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். பொதுக் கிணறு என்றால் காணி யாருடையது என்ற கேள்வி முதலில் வரும். தனியார் காணியில் கட்டிவிட்டுப் பிறகு காணிக்காரர் திரும்பி வந்து தகராறான இடங்களும் உண்டு. கிராம அலுவலரிடம் இதை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கும், காசு எடுக்கக் குறைந்தது இருவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்குக்கு வங்கி நன்கொடை போடாது. போட்டாலும் அது ஊருக்குள் சண்டையைத்தான் கொண்டுவரும்.

வங்கி கட்டாயம் கேட்கும் இன்னொரு கேள்வி: திறப்பு விழா முடிந்த பிறகு யார் பராமரிப்பது? தண்ணீர்த் தாங்கியும் பம்பியும் கிடைத்து, மின்கட்டணம் கட்ட ஆளில்லாமல் பம்பி துருப்பிடித்துக் கிடப்பது புதிய கதையல்ல. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை சேர்க்கிறோம் என்ற கூட்டத் தீர்மானத்தின் பிரதியைக் கடிதத்துடன் இணைத்தால், உங்கள் விண்ணப்பத்துக்கு நல்ல மதிப்பு இருக்கும்.

வங்கியும் அரசும் அல்லது வங்கியும் நிறுவனமும் சேர்ந்து செய்வது இன்னொரு வகை. இந்திய அரசின் உதவியில் நடந்த வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. அது கட்டட வேலையின் படிகளுக்கு ஏற்பப் பகுதி பகுதியாகப் பயனாளியின் கணக்கிலேயே வைப்பிலிடப்பட்டது. இங்கே வங்கி காசைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி மட்டுமே. காசு உங்களுடையது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கிப் புத்தகத்தையோ கையெழுத்திட்ட வெற்று மீளப்பெறல் படிவத்தையோ மேசனிடமும் சாமான் கடைக்காரரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். "அக்கா, நீங்கள் ஏன் அலைகிறீர்கள், நானே எடுத்துத் தாறேன்" என்று யார் சொன்னாலும் நீங்களே போங்கள்.

மூன்றாவது வகை கடன். கடன் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டுறவு இயக்கத்துக்குக் கைகொடுக்கவென்றே 1961 இல் மக்கள் வங்கி தொடங்கப்பட்டது. 1964 இலிருந்து கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் வந்தன. ஹட்டன் நஷனல் வங்கி 1989 இல் "கமி புபுதுவ" என்ற கிராமியக் கடன் திட்டத்தைத் தொடங்கி, உத்தியோகத்தர்களைக் கிராமங்களுக்கே அனுப்பியது. இத்தகைய கடனால் தோட்டம் செய்து நிமிர்ந்தவர்கள் பலர். ஆனாலும் கடன் கடன்தான். படிவத்தில் வட்டி, தவணை, பிணையாளி ஆகிய சொற்களில் ஒன்று இருந்தாலும் அது நன்கொடை அல்ல. நன்கொடைக்குப் பெயர்ப்பட்டியலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிணையாளி தேவையில்லை. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளக்கும்படி கேளுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

வட்டியைக் கேட்கும்போது "மாதம் இரண்டு வீதம்" என்ற பதிலோடு நிற்காதீர்கள். எதன் மேல் இரண்டு வீதம் என்று கேளுங்கள். 50,000 ரூபாவை 12 மாதங்களுக்கு எடுக்கிறீர்கள் என்று வைப்போம். கடைசி வரை முழு 50,000 ரூபாவுக்கும் வட்டி போட்டால், மாதம் 1,000 ரூபாவாக வட்டி மட்டும் 12,000 ரூபா. தவணை சுமார் 5,167 ரூபா. நீங்கள் கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் தவணை சுமார் 4,728 ரூபா. மொத்த வட்டி 6,700 ரூபாவைச் சற்றுத் தாண்டும். இரண்டும் "மாதம் இரண்டு வீதம்" தான். வித்தியாசம் 5,000 ரூபாவுக்கு மேல்.

பிணை நிற்பதும் முகத்துக்காகச் செய்யும் காரியமல்ல. வங்கிகளில் எடுக்கும் கடன்களின் விபரம் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்துக்குப் போகிறது. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணையாளியிடம் கேட்பார்கள். பிறகு பிணையாளி தனக்கென்று கடன் கேட்டுப் போகும்போதும் அது குறுக்கே நிற்கலாம்.

இடம்பெயர முன் எடுத்த கடனை நினைத்து வங்கிப் பக்கமே போகாமல் இருப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். போய்ப் பேசுங்கள். தவணையை நீடிக்கவும், சேர்ந்துள்ள வட்டியைக் குறைக்கவும் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கேட்பதெல்லாம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் ஒளித்துத் திரிவதால் வட்டி நிற்பதுமில்லை. பழைய சேமிப்புக் கணக்கும் அப்படித்தான். புத்தகம் தொலைந்ததால் காசு தொலைந்துவிடாது. பத்து வருடங்கள் தொடாமல் கிடந்த கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தாலும், உங்கள் வங்கி மூலமாகவே அதைத் திரும்பக் கோரலாம். தேசிய அடையாள அட்டையையும், இருந்தால் பழைய பற்றுச்சீட்டு ஏதாவதையும் எடுத்துக்கொண்டு, கணக்குத் திறந்த கிளைக்குப் போங்கள். அந்தக் கிளை இடம் மாறியிருந்தால் அதே வங்கியின் அருகிலுள்ள கிளையில் விசாரியுங்கள்.