உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்

செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் பக்கம் நைட்டியும் பாவாடையும் தைப்பவர்களிடம் சித்திரை மாத மதியத்தில் கேட்டுப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து குடம் குடமாகக் குடித்தாலும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும். "தண்ணி குடிச்சுக்கிட்டேதான இருக்கேன்" என்பார்கள். குடித்தது தண்ணீர் மட்டும்தான். வியர்வையோடு போன உப்பு திரும்பி வரவில்லை.

கரைந்தால் காணாமல் போவதில்லை

தண்ணீரில் போட்ட உப்பு மறைவதில்லை, பிரிகிறது. சோடியம் நேர்மின்னூட்டத்தோடும் குளோரைடு எதிர்மின்னூட்டத்தோடும் தனித்தனியே அலைகின்றன. இவைதான் அயனிகள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்வது இவற்றால்தான். 1884-இல் சுவீடனின் அர்ரேனியஸ் இதைத் தன் ஆய்வேட்டில் எழுதியபோது பேராசிரியர்கள் குறைந்த மதிப்பீடே கொடுத்தார்கள். அதே கருத்துக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது!

நம் நரம்பும் தசையும் இதயமும் வேலை செய்வதும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் செல்லுக்கு உள்ளும் வெளியும் போய்வருவதால்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் குழப்பம், வலிப்புவரை போகும்.

குடலில் ஒரு ஜோடி வாசல்

வியர்வையைப் போலவே வயிற்றுப்போக்கிலும் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அப்போது வெறும் தண்ணீரும் போதாது, உப்புத் தண்ணீரும் போதாது. சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அவை நுழைந்தால் பின்னாலேயே தண்ணீரும் நுழையும். காலராவில்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை என்பதுதான் நம் அதிர்ஷ்டம்.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ரத்தநாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். உறவினர்களே நோயாளிகளுக்கு ஊட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. தாமதம்தான்.

அளவு தப்பினால்

அந்தக் கலவையின் இன்றைய வடிவமான ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. கெட்டியான கரைசல் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். குளிர்பானத்துக்கும் இதே கதைதான்.

பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தையல் வேலைக்கு இடையே உப்புப் போட்ட நீர்மோரும் பழைய சோற்று நீராகாரமும் போதும், ஓ.ஆர்.எஸ்.ஸை தினசரி பானமாக்க வேண்டாம். ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

குழந்தைக்குக் கண் குழிவிழுந்தாலோ, குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்ற நேரத்தில் ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கலக்கிய கரைசல் 24 மணி நேரம்தான் தாங்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் பிரியுங்கள்.