சிறு வணிகம்: சூழ்நிலையும் வணிக முறையும்

சிறு வணிகம் ஒன்று நலிவடையும்போது, உரிமையாளரின் திறமைக் குறைவே காரணம் என்பர் சிலர். அரசின் கொள்கையும் சந்தை நிலையுமே காரணம் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே. பெங்களூரின் அல்சூர்ப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும்.

அல்சூரின் வணிக வளர்ச்சிக்கு வித்திட்டது புறச்சூழ்நிலையே. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைத்தளம் அமைத்தனர். படையினருக்கு வேண்டிய பொருள்களையும் பணிகளையும் அளிக்கத் தமிழ் பேசும் வணிகர்களும் தொழிலாளர்களும் இங்கு வந்து குடியேறினர். ஒரு வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த கடைத்தெரு, காலப்போக்கில் நகர மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

அண்மைக் காலத்தில் வந்த பெரிய மாற்றம் மெட்ரோ ரயில். 2006 ஜூன் மாதத்தில் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அல்சூர் நிலையத்தை உள்ளடக்கிய முதல் தடம் 2011 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. இத்தடம் அல்சூரைக் கடந்து இந்திராநகரின் சி.எம்.எச். சாலை வழியே செல்வதை அச்சாலை வணிகர்கள் எதிர்த்தனர். அவர்களது அச்சத்தின் அடிப்படையை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம்.

மாதம் ரூ. 3,00,000 விற்பனையுள்ள மளிகைக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கொள்முதல் விலை போக, விற்பனையில் 20 விழுக்காடு, அதாவது ரூ. 60,000 எஞ்சுகிறது. வாடகை, கூலி, மின் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ. 45,000 போக, நிகர வருவாய் ரூ. 15,000. சாலைப் பணியால் விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், எஞ்சுவது ரூ. 40,000 மட்டுமே. செலவோ குறைவதில்லை. எனவே மாதந்தோறும் ரூ. 5,000 நட்டம்.

அதே தெருவில் அதே அளவு விற்பனையும் செலவும் உள்ள மற்றொரு கடை, தன் விற்பனையில் பாதியை உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் நேரில் கொண்டுசென்று கொடுக்கிறது எனக் கொள்வோம். வழிப்போக்கர் வணிகம் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு குறைவதால், அதன் மொத்த விற்பனை ரூ. 2,50,000-ஆக நிற்கும். எஞ்சும் ரூ. 50,000-இல் செலவு போக ரூ. 5,000 மிஞ்சும். சூழ்நிலை ஒன்றே, விளைவு வேறு. வணிக முறையின் பயன் இதுவே.

ஆயினும் இம்முறைக்கும் ஒரு விலை உண்டு. நிலையான வாடிக்கையாளர் பெரும்பாலும் கடனுக்கே வாங்குவர். நிலுவை பெருகினால், ஏட்டில் இலாபம் காட்டும் கடையும் கையில் பணமின்றித் தவிக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை அதிக அளவாக 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என விதிக்கிறது. தவறினால் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்கள் இவ்வகைப்பாட்டில் சேர்க்கப்பட்டது, முன்னுரிமைத் துறைக் கடன் பெறும் பொருட்டு மட்டுமே. கடன் பெறும் வாயில் திறந்தது. நிலுவையை மீட்கும் பாதுகாப்பு உடன் வரவில்லை.

ஆகவே, வாடிக்கையாளரைப் பலவகையாக்குதலும், சில மாதச் செலவுக்குரிய தொகையைச் சேமித்தலும், நிலுவைக்கு வரம்பிடுதலும் வணிகரின் கடமைகளாகும். பொதுப்பணி எத்தனை மாதம் நீடிக்கும் என்பதை முன்னரே அறிவிப்பதும், விற்பனை சரிந்தபின் அன்றி, அதற்கு முன்பே நடைமுறை மூலதனக் கடன் கிடைக்கச் செய்வதும் நிர்வாகத்தின் கடமைகளாகும். ரயில் ஓடத் தொடங்கியபின் கூடும் வாடிக்கையாளரால், அதற்கு முன்பே மூடப்பட்ட கடைக்குப் பயனில்லை.